ஒரு நட்டு, நான்கு ஸ்பேனர்: பெரம்பலூர், அரியலூர் பட்டறைகளும் ஃபேன் பெல்ட்டின் வரலாறும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. ஒரு கார் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். 13-ஆம் நம்பர் நட்டைக் கழற்ற 13-ஆம் நம்பர் ஸ்பேனர்தான் வேண்டும். 12 நுழையாது. 14 நுழையும், ஆனால் வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடும். அதன்பிறகு எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. உளி, சுத்தியல், வெல்டிங் என்று வேலை நீளும். பத்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

காரில் செய்யும் பழுதுகளிலேயே எளிமையானது ஃபேன் பெல்ட் மாற்றுவது. பழைய கார் என்றால் இரண்டு மூன்று நட்டுகளைத் தளர்த்தினால் போதும். ஆனால் அந்த இரண்டு மூன்று நட்டுகளுக்கு எந்தக் கருவியை எடுப்பது என்ற சின்னக் கேள்விக்குள் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளின் தொழில் வரலாறும், சுதந்திர இந்தியாவின் பொருளாதார வரலாறும் ஒளிந்திருக்கின்றன. பெரம்பலூர் நான்கு ரோட்டிலோ அரியலூர் பேருந்து நிலையத்தின் பக்கத்திலோ உள்ள ஒரு பழைய பட்டறையின் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்த வரலாறு முழுவதும் கிரீஸ் பூசிக்கொண்டு கிடக்கும்!

பெல்ட் வந்த வழி

பெல்ட் என்பது கார் வருவதற்கு முன்பே நம்மூருக்கு அறிமுகமான பொருள். ரைஸ் மில்லில் ஒரே ஒரு என்ஜின் அல்லது மோட்டார் ஓடும். அதிலிருந்து நீளமான தட்டைப் பெல்ட் மேலே உள்ள தண்டுக்குப் போகும். அந்தத் தண்டிலிருந்து வேறு வேறு பெல்ட்டுகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும். பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கிணற்று நீரை இறைக்க வந்த ஆயில் என்ஜின்களிலும் இதே தட்டைப் பெல்ட்தான். வழுக்கினால் அதற்கென்று உள்ள மெழுகைத் தடவுவார்கள்.

தொடக்க காலக் கார்களும் இதைத்தான் கடன் வாங்கின. ஹென்றி ஃபோர்டு 1908-இல் வெளியிட்ட டி மாடல் காரின் விசிறியைச் சுழற்றியது ஒரு தட்டையான தோல் பெல்ட். தட்டைப் பெல்ட்டுக்கு ஒரு குறை உண்டு. அது கப்பியின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால், எண்ணெய் பட்டால், கொஞ்சம் தளர்ந்தால் நழுவிவிடும்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்த கேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கேட்ஸ் 1917-இல் ரப்பரும் நூலும் சேர்ந்த, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துபோலத் தெரியும் பெல்ட்டை உருவாக்கினார். இது கப்பியின் பள்ளத்துக்குள் ஆப்புபோல இறங்கும். சுமை கூடக் கூட இன்னும் ஆழமாக இறங்கிப் பக்கச் சுவர்களை இறுக்கிப் பிடிக்கும். அதாவது வி பெல்ட் வேலை செய்வது அதன் இரண்டு பக்கங்களால்தான், அடிப்பாகத்தால் அல்ல. தேய்ந்துபோன பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். "இறுக்கிப் பார்த்தாச்சு, மறுபடியும் சத்தம் வருது" என்று வரும் வண்டிகள் பலவற்றின் ரகசியம் இதுதான்.

தமிழ்நாட்டில் பெல்ட் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது மதுரை. கோச்சடையில் உள்ள ஃபென்னர் தொழிற்சாலையின் வி பெல்ட்டுகள் ரைஸ் மில், கம்ப்ரசர், லாரி, கார் என்று எல்லா இடங்களுக்கும் போயின. ஊர்ப்பக்கங்களில் ஃபென்னர் என்பதே பெல்ட்டுக்கு இன்னொரு பெயர்போல ஆகிவிட்டது.

அறுந்தால் என்ன ஆகும்?

விசிறி நின்றால் காற்று வராது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பழைய கார்களில் ஒரே பெல்ட் மூன்று பொருள்களைச் சுழற்றியது. ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறி, என்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோ. பெல்ட் அறுந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். சில நிமிடங்களில் ரேடியேட்டர் கொதிக்கும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினின் ஹெட் வளைந்துவிடும்.

பெரம்பலூருக்கு இது இன்னும் முக்கியமான விஷயம். இந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. எல்லாமே சாலைதான். திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து 1995-இல் தனி மாவட்டம் ஆகும்வரை, கலெக்டர் ஆபீஸ் வேலை என்றாலும் பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் சுமார் 60 கிலோமீட்டர் தாண்டித் திருச்சிக்குத்தான் போகவேண்டும். சித்திரை வெயிலில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு வாடகைக் காரின் பெல்ட், பாடாலூருக்கும் சிறுகனூருக்கும் நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். செல்போன் இல்லாத காலம். அதனால்தான் அன்றைய டிரைவர்கள் டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட்டும், துணியில் சுருட்டிய சில ஸ்பேனர்களும் இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்கள். டிரைவர் என்றால் பாதி மெக்கானிக் என்று இருந்த காலம் அது. எந்த ஸ்பேனரைச் சுருட்டி வைத்திருக்கிறார் என்பதில்தான் அந்தப் பயணத்தின் முடிவு இருந்தது.

நட்டுக்குச் சட்டம் போட்ட மனிதர்

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தனக்குப் பிடித்த அளவில் திருகாணி செய்துகொண்டார். ஒருவர் செய்த போல்ட்டுக்கு இன்னொருவரின் நட்டு சேராது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அவற்றின் சராசரியைக் கண்டு, 1841-இல் ஒரு பொது அளவு முறையை முன்வைத்தார். திருகு மரையின் கோணம் 55 டிகிரி. இந்த விட்டத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. உலகில் பரவலாக ஏற்கப்பட்ட முதல் தர அளவு இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று எழுதியிருந்தால் அதன் வாய் கால் அங்குலம் என்று நினைக்கக்கூடாது. அது போல்ட்டின் விட்டம். ஸ்பேனரின் வாயோ அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம்! இரண்டாம் உலகப் போரின்போது இரும்பை மிச்சப்படுத்த போல்ட்டின் தலையை ஒரு படி சின்னதாக்கினார்கள். ஆகவே ஒரே ஸ்பேனரில் இரண்டு அளவுகள் எழுதவேண்டி வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரி கோணத்தில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். இரண்டும் தனித்தனி வழியில் போயின. உலகப் போரில் ஒரே பக்கம் நின்று சண்டை போட்ட பிரிட்டனும் அமெரிக்காவும் ஒருவர் டாங்கிக்கு இன்னொருவர் போல்ட் சேராமல் திண்டாடின. அந்தப் பாடத்தின் விளைவாக 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. இந்தப் புதிய அளவில் ஸ்பேனரின் எண் அதன் வாயின் அகலத்தையே குறித்தது. 1/2 என்றால் நிஜமாகவே அரை அங்குலம்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் மில்லிமீட்டர் வழியில் போயின. ஆக, இந்தியா சுதந்திரம் அடைந்து கார், லாரி செய்யத் தொடங்கியபோது உலகில் குறைந்தது மூன்று குடும்பங்கள் இருந்தன. இந்தியா ஒன்றைத் தேர்ந்தெடுத்ததா? இல்லை. மூன்றையுமே வாங்கிவந்தது!

சுண்ணாம்புக்கல்லும் லாரியும்

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது. கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருந்ததால் சிமெண்ட் ஆலைகள் வந்தன. பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-இலேயே வந்துவிட்டது. அரியலூரில் தமிழக அரசின் சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்பு ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய் என்று ஆலைகள் பெருகின. ஆலைகள் வந்ததால் லாரிகள் வந்தன. லாரிகள் வந்ததால் பட்டறைகள் வந்தன. கடல் வற்றியதால் ஸ்பேனர் வந்தது என்று சொன்னால் கூடத் தப்பில்லை!

அந்த லாரிகள் பெரும்பாலும் இரண்டே கம்பெனிகளுடையவை. ஒன்று சென்னை எண்ணூரில் தயாரான லேலண்ட். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இன்னொன்று டாடா. 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தயாரித்த வண்டி. லேலண்ட் வந்தபோது கூடவே பிரிட்டனின் அங்குலமும் வந்தது. டாடா வந்தபோது ஜெர்மனியின் மில்லிமீட்டரும் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் இருந்தார்கள். அதன் விளைவாக இரண்டு செட் ஸ்பேனர் வாங்கவேண்டி வந்தது ஊர்ப் பட்டறைக்காரர்.

வணிகவியல் பாடத்தில் 'தொழில்நுட்பக் கூட்டுறவு ஒப்பந்தம்' என்று ஒரு பகுதி வரும். உரிமைத் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், அன்னியச் செலாவணி எவ்வளவு என்றெல்லாம் அதில் கணக்கு இருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் தெருமுனைப் பட்டறையின் முதலீடு எவ்வளவு கூடியது என்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அம்பாசிடர், ஃபியட், மாருதி

கார்களின் கதையும் இதேதான். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியானது. அதன் பழைய பெட்ரோல் என்ஜினில் இருந்தவை போருக்குப் பிந்தைய புதிய அங்குல மரைகள். பம்பாயில் பிரிமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய கார், இத்தாலிய வம்சம். அதனால் அது மில்லிமீட்டர். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மறுபடியும் பிரிட்டிஷ் வம்சம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஜப்பானின் சுசூகி. இதுவும் மில்லிமீட்டர்தானே, இருக்கிற ஸ்பேனரே போதும் என்று நினைத்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்கு ஜெர்மனியும் இத்தாலியும் 13 ஸ்பேனர் வைத்திருந்தன. ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் 12 வைத்தார்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அங்கே 17, இங்கே 14. டாடா, ஃபியட் வண்டிகளுக்கு அதிகம் பயன்படாமல் கிடந்த 12-உம் 14-உம் திடீரென்று தினசரித் தேவையாகிவிட்டன. அதே 1980-களில் வந்த ஜப்பானியக் கூட்டு மோட்டார் சைக்கிள்களும் இதை உறுதிப்படுத்தின.

இப்போது ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே பருமன் உள்ள போல்ட். பெல்ட்டை இறுக்கும் இடத்தில் வழக்கமாக வரும் அளவு. அதன் தலையின் அகலம்:

ஜப்பான் வண்டியில் 12 மில்லிமீட்டர்.
புதிய அங்குல அளவில் 1/2 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.
ஜெர்மன், இத்தாலிய வண்டியில் 13 மில்லிமீட்டர்.
பழைய பிரிட்டிஷ் அளவில் சுமார் 13.3 மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றே அதிகமான இடைவெளிக்குள் நான்கு தேசங்கள்! கண்ணால் பார்த்தால் நான்கும் ஒன்றுதான். கையில் எடுத்தால்தான் தெரியும். அம்பாசிடரின் அரை அங்குல நட்டில் 13 ஸ்பேனர் போட்டால் நுழையும். 0.3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். புது நட்டாக இருந்தால் கழன்றும் விடும். துருப்பிடித்த நட்டாக இருந்தால் அந்த 0.3 மில்லிமீட்டர்தான் மூலையைத் தின்னும். 'கிட்டத்தட்ட சரியான' ஸ்பேனர் தவறான ஸ்பேனரைவிட ஆபத்தானது. தவறானது நுழையாமல் எச்சரித்துவிடும். கிட்டத்தட்ட சரியானது நுழைந்து ஏமாற்றும்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. 1990-களில் அம்பாசிடரிலேயே ஜப்பானின் இசுசூ என்ஜின் வைத்த மாடல் வந்தது. வெளியே அதே பழைய உடம்பு. உள்ளே மில்லிமீட்டர் போல்ட்டுகள். "அம்பாசிடர் நிக்குது, ஸ்பேனர் எடுத்துட்டு வா" என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த அம்பாசிடர் என்று கேட்கவேண்டிய நிலை.

அரசாங்கம் என்ன செய்தது?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1947-இல் இந்தியத் தர நிறுவனம் தொடங்கப்பட்டது. இதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரையின் தாய்வீடு. 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆனது. 1956-இல் எடைகள், அளவுகள் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1958-இலிருந்து படிப்படியாகச் சேர், வீசை எல்லாம் போய்க் கிலோ வந்தது. ஸ்பேனர்களுக்கும் தர அளவுகள் வந்தன. இரண்டு பக்கமும் திறந்த வாய் உள்ள ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028. ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்களும், ஸ்வீடன் நாட்டுக் கூட்டோடு நாசிக்கில் தொடங்கிய தபாரியா நிறுவனமும் கைக்கருவிகளுக்குப் பேர் பெற்றன.

ஆனால் சட்டத்தால் கடையில் உள்ள படிக்கல்லை மாற்றலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் நட்டை மாற்றமுடியுமா? ஒரு என்ஜின் 30, 40 ஆண்டுகள் ஓடும். அதுவரை அதன் அளவும் உயிரோடு இருக்கும். இன்றும் ராட்செட் போட்டுச் சுழற்றும் பாக்ஸ் ஸ்பேனர் செட்டை எடுத்துப் பாருங்கள். நட்டைப் பிடிக்கும் பக்கம் 10, 12, 13, 14 என்று மில்லிமீட்டர். கைப்பிடியில் மாட்டும் சதுரத் துளையோ 1/4, 3/8, 1/2 அங்குலம்! அங்குலம் முழுவதும் போகவில்லை, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

எதை எடுப்பது?

பெல்ட் மாற்றும் வேலைக்குக் கருவி தேர்ந்தெடுப்பதில் பட்டறைகள் அனுபவத்தால் கண்ட வழிமுறைகளுக்குப் பின்னால் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

முதலில் ரிங் ஸ்பேனர். இது நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். ஆகவே இறுகிப்போன நட்டை முதலில் 'உடைக்க' ரிங். தளர்ந்த பிறகு வேகமாகச் சுற்றத் திறந்த வாய். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர் பிரபலமானதற்கு இதுவே காரணம்.

திறந்த வாய் ஸ்பேனரின் தலை நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அது அழகுக்கு அல்ல. அறுகோண நட்டில் ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரு புதிய பிடி கிடைக்கும். டைனமோவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் 60 டிகிரி திருப்ப இடம் ஏது? சாய்ந்த தலை என்றால் ஒரு முறை திருப்பியதும் ஸ்பேனரைக் கவிழ்த்துப் பிடிக்கலாம். 30 டிகிரி இடம் இருந்தாலே வேலை முடியும். பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பேனரிலும் இதே 30 டிகிரிதான்.

அடுத்து பாக்ஸ் ஸ்பேனரும் ராட்செட்டும். அமெரிக்காவில் 1920-இல் ஸ்னாப் ஆன் நிறுவனம் ஐந்து கைப்பிடிகளையும் பத்து சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றி மாட்டும்படி விற்றது. ஐம்பது கருவிகளின் வேலையைப் பதினைந்து துண்டுகள் செய்தன. முதலீடு குறைவு, பயன் அதிகம். ஆனால் சாக்கெட்டுக்கு நட்டின் நேர் எதிரே இடம் வேண்டும். ரேடியேட்டர் ஒட்டி நிற்கும் இடத்தில் அது கிடைக்காது.

எல்லா அளவுக்கும் ஒரே கருவி போதாதா என்று கேட்கலாம். ஸ்வீடனின் யோகான் பெட்டர் யோகான்சன் 1890-களில் காப்புரிமை பெற்ற அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் அந்த ஆசையில் பிறந்ததுதான். அவசரத்துக்கு உதவும். அதன் நகரும் தாடையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், தலையும் பெரிது. பெல்ட் வேலைக்கு அது கடைசி ஆள்தான். போட்டே ஆகவேண்டும் என்றால் விசை நிலையான தாடையின் மேல் விழும்படி திருப்பவேண்டும்.

ஸ்பேனருக்குப் பின்னால் குழாயைச் சொருகி நீளமாக்குவது நம்மூரில் சகஜம். ஒவ்வொரு ஸ்பேனரின் நீளமும் அதன் நட்டு தாங்கும் விசைக்கு ஏற்ப வைக்கப்பட்டது. சின்ன ஸ்பேனர் குட்டையாக இருப்பது இரும்பை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல, போல்ட் முறியாமல் காக்கவும்தான்.

கடைசியாக நெம்புகோல். பழைய கார்களில் டைனமோவின் நட்டுகளைத் தளர்த்தி, அதை என்ஜின் பக்கம் தள்ளி, பெல்ட்டை விசிறி இலைகளின் மேல் எடுத்து மாற்றி, பிறகு டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்தபடி நட்டை இறுக்கவேண்டும். இரும்பு உடம்புள்ள டைனமோ கடப்பாரையைக் கூடத் தாங்கியது. அதன் இடத்தில் வந்த ஆல்டர்நேட்டரின் உடம்பு அலுமினியம். அதே கம்பியால் அதே இடத்தில் நெம்பினால் விரிசல் விழும். ஆகவே நெம்புகோல் சுத்தியல் பிடியாக, மரக்கட்டையாக மாறியது. பின்பு பல கார்களில் நெம்பவே வேண்டாதபடி இறுக்கும் போல்ட் வந்தது. இறுக்கம் சரியா என்று பார்க்க மட்டும் அன்றிலிருந்து ஒரே கருவிதான்: கட்டைவிரல். நீளமான பகுதியின் நடுவில் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கவேண்டும் என்பது பழைய கார்களின் பொது விதி. அதிகம் அமுங்கினால் வழுக்கும், பேட்டரி ஏறாது. அமுங்கவே இல்லை என்றால் வாட்டர் பம்ப்பின் பேரிங் போய்விடும். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் முன்பு என்ஜின் நின்றிருக்கவேண்டும், பேட்டரியின் ஒரு முனை கழற்றப்பட்டிருக்கவேண்டும். விரல் போனால் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது.

ஒற்றைப் பெல்ட் காலம்

கார்களில் ஏசி, பவர் ஸ்டியரிங் என்று சுமை கூடியபோது இரண்டு மூன்று பெல்ட்டுகள் வரிசையாக வந்தன. 1979-இல் அமெரிக்காவின் ஃபோர்டு முஸ்டாங் காரில் ஒரே நீளப் பெல்ட் பாம்புபோல வளைந்து எல்லாவற்றையும் சுழற்றும் முறை வந்தது. தட்டையாக, உள்பக்கம் நீள வரிகளோடு இருக்கும் இந்தப் பெல்ட், தட்டைப் பெல்ட்டின் வளையும் குணத்தையும் வி பெல்ட்டின் பிடிப்பையும் ஒன்றாகச் சேர்த்தது. அதன் மேல் 6 பி.கே. என்று தொடங்கும் எண் இருந்தால் ஆறு வரிகள் என்று பொருள். தொடரும் எண் மில்லிமீட்டரில் நீளம்.

இதில் இறுக்கத்தைப் பல கார்களில் ஸ்பிரிங் வைத்த ஒரு கையே பார்த்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கு வேலை இல்லை. அந்தக் கையை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க ஒல்லியான, நீளமான ஒரு கைப்பிடி வேண்டும். இடமோ விரல் நுழையாத இடம். பெல்ட் எந்தக் கப்பியின் உள்ளே, எதன் வெளியே போகிறது என்று கழற்றும் முன்பே பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. ஆகவே இன்று இந்த வேலைக்கு முதல் கருவி ஸ்பேனர் அல்ல, பேப்பரும் பேனாவும்! அல்லது செல்போன் கேமரா. இறுக்கும் கையே இல்லாமல், ரப்பர் பேண்டுபோல இழுத்து மாட்டும் பெல்ட்டுகளும் வந்துவிட்டன. அவற்றுக்குத் தனிக் கருவி தேவை.

சென்னையைச் சுற்றி 1990-களின் கடைசியில் ஃபோர்டு, ஹூண்டாய் ஆலைகள் வந்தபின் இந்தப் புதிய தலைமுறைக் கார்கள் திருச்சி நெடுஞ்சாலையிலும் பெருகின. அங்குல ஸ்பேனர்கள் பெட்டியின் அடிக்குப் போயின. ஒரு வகையில் மெக்கானிக்குக்கு நிம்மதி. 10, 12, 13, 14, 17, 19 இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும். இன்னொரு வகையில் கவலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனிக் கருவி என்றால், அது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டும் இருக்கும். தெருமுனைப் பட்டறையில் இருக்காது. அளவு தெரிந்த எவரும் திறக்கலாம் என்பதுதான் விட்வொர்த் காலத்திலிருந்து தர அளவு கொடுத்த வரம். தனிக் கருவி அந்த வரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

அரும்பாவூர் உளி

பெரம்பலூர் மாவட்டத்திலேயே இன்னொரு கைக்கருவி உலகம் இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரச்சிற்பியின் உளிக்கு நம்பர் முக்கியம் இல்லை. அவர் கைக்கும், மரத்துக்கும், செதுக்கும் வளைவுக்கும் ஏற்பத் தீட்டிக்கொள்ளலாம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழி அவருக்குக் கொஞ்சம் பொருந்தும்.

மெக்கானிக்கின் ஸ்பேனர் அப்படி அல்ல. அது அவருடைய கைக்காகச் செய்யப்பட்டது அல்ல. எங்கோ மான்செஸ்டரிலோ ஸ்டுட்கார்ட்டிலோ ஹமாமட்சுவிலோ யாரோ வரைந்த நட்டுக்காகச் செய்யப்பட்டது. அவர் திறமை எல்லாம், முன்னால் நிற்கும் வண்டி எந்த ஊர் வம்சம் என்று பார்த்த உடனே கண்டுபிடித்து, நான்கில் சரியான ஒன்றை எடுப்பதில் இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கவில்லை. பாடாலூர் வெயிலில் வழுக்கிய நட்டுகள் கற்றுக்கொடுத்தன.

மின்சாரக் கார்களில் விசிறிக்கும் ஏசிக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால் இந்தப் பெல்ட்டே தேவைப்படாது. இன்னும் சில பத்தாண்டுகளில் ஃபேன் பெல்ட் என்பது ரைஸ் மில் தோல் பெல்ட்போல நினைவாகிப் போகலாம். அதுவரைக்கும் சாலையில் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஒரு எளிய யோசனை: டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட், உங்கள் வண்டியின் இறுக்கும் நட்டுகளுக்குச் சரியாக உட்காரும் ஸ்பேனர்கள். நூறு துண்டு செட் வேண்டாம். வீட்டு வாசலில் நிதானமாக ஒரு முறை மாட்டிப் பார்த்து, ஆடாமல் அசையாமல் உட்காருகிறதா என்று சோதித்து எடுத்து வைத்தால் போதும். நடுவழியில் நின்றபிறகு அந்தச் சோதனையைச் செய்தால், அதற்கு விலை கொடுப்பது நட்டு மட்டும் அல்ல, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களும்தான்.